மாப்பிள்ளையின் படத்தோடு நான்கு நாள்

திருவனந்தபுரத்துக்கு அதற்கு முன் மூன்று முறை போயிருக்கிறேன். கோயில், மிருகக்காட்சிசாலை, கோவளம் என்று பள்ளிக்கூடத்துச் சுற்றுலா பார்க்கிற அத்தனையும் பார்த்தாயிற்று. உண்மையில் மூன்றில் இரண்டு முறை பள்ளிக்கூடத்துச் சுற்றுலாதான். வள்ளியூர் பக்கத்துப் பள்ளி ஒன்றில் நான் ஆய்வக உதவியாளர். பிள்ளைகளை எண்ணி ஏற்றி, எண்ணி இறக்குவது சுற்றுலாவில் என் வேலை. நான்காவது முறை போனபோது எண்ணுவதற்கு ஒரே ஒரு ஆள்தான். அவரைத்தான் காணவில்லை.

அவர் என் தங்கை செல்வியின் வீட்டுக்காரர், முருகேசன். கட்டடங்களுக்குப் பெயின்ட் அடிக்கிறவர். ஆறு வருடமாகத் திருவனந்தபுரத்தில் வேலை. மாதத்துக்கு ஒரு முறை வருவார், தினமும் சாயங்காலம் ஏழு மணிக்குப் போன் பண்ணி மகளோடு பேசுவார். எட்டு நாளாகப் போன் இல்லை. இங்கிருந்து அடித்தால் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்று மலையாளத்தில் ஒரு பெண் சொல்கிறாள்.

செல்வி அழுது முடித்துவிட்டு எனக்குக் கட்டளை போட்டாள். "மொதல்ல ஆஸ்பத்திரில பாத்துருண்ணே. அங்க இல்லன்னு தெரிஞ்சாத்தான் எனக்கு மனசு ஆறும். போலீசுக்கு மட்டும் போயிராத. அவுகளுக்குக் கோவம் வரும். வேற எடத்துக்கு வேலைக்குப் போயிருப்பாக, போனு தண்ணில கிண்ணில விழுந்துருக்கும்."

நானும் அப்படித்தான் நினைத்தேன். என்னிடம் ஒரு படம் இருந்தது. அது போதும் என்றும் நினைத்தேன்.

படத்தைப் பற்றிச் சொல்வதற்கு முன் போனைப் பற்றிச் சொல்ல வேண்டும். பதினெட்டாயிரத்துச் சொச்சத்துக்கு வாங்கியது. அந்த விலைக்கு இதைவிட நல்ல கேமரா கிடையாது என்று நான் சொல்லாத ஆசிரியர் எங்கள் பள்ளியில் கிடையாது. பின்னால் மூன்று கண்; அதில் ஒன்று எதற்கென்று இன்றுவரை தெரியாது. கேமராவைத் திறந்தால் கீழே 'அழகு' என்று ஒரு கோடு இருக்கும். இடது பக்கம் சுழி, வலது பக்கம் நூறு. வாங்கிய அன்றைக்கே நூறுக்குத் தள்ளினேன், அதன் பிறகு தொடவில்லை. என் வீட்டுக்காரி, மைத்துனிமார், பக்கத்து வீட்டு டீச்சர், எல்லாரும் பாலில் குளித்து எழுந்தாற்போல விழுந்தார்கள். கல்யாண வீட்டில் கூலிக்கு வந்த படக்காரரை விட்டுவிட்டு என்னிடம் வந்து நிற்பார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மாப்பிள்ளையின் படம் அவர் மகள் காதுகுத்துக்காக எடுத்தது. எங்கள் பக்கம் காதுகுத்து என்றால் தெருமுனையில் ஃபிளெக்ஸ் வைக்காமல் முடியாது. நீலச் சட்டை, நேரான பார்வை, சின்னச் சிரிப்பு. ஒரு மணி நேரம் உட்கார்ந்து திருத்தியிருந்தேன். அதைத்தான் முகப்பில் எடுத்து வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

முதல் நாள் தம்பானூரில் இறங்கும்போது மழை. எங்கள் ஊர் மழை வருவதற்கு முன் பத்து நாள் யோசிக்கும். இங்கே சொல்லாமல் கொள்ளாமல் கொட்டிவிட்டு ஒன்றுமே நடக்காத மாதிரி வெயில் அடிக்கிறது. ஒரு கடையில் புட்டும் கடலைக்கறியும் தின்றேன். தண்ணீர் கேட்டால் ரோஜா நிறத்தில் வெந்நீர் வைத்தார்கள். ஏதோ மரப்பட்டை போட்டுக் காய்ச்சியதாம். எங்கள் ஊரில் இந்த நிறத்தில் தண்ணீர் வந்தால் பஞ்சாயத்துத் தலைவரைப் பிடித்துச் சட்டையைக் கிழித்துவிடுவார்கள். ஆட்டோக்காரர் மீட்டர் போட்டார், மீட்டரில் வந்ததை மட்டும் வாங்கினார். அந்தச் சந்தோஷத்தோடுதான் பெரிய ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தேன் என்று நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

விசாரணை மேசையில் ஒரு பதிவேட்டைப் பார்த்துவிட்டு முருகேசன் என்று யாரும் இல்லை என்றார்கள். பெயர் தெரியாதவர் யாராவது உண்டா என்று கேட்டேன். மாடியில் தீவிர சிகிச்சைப் பிரிவைக் காட்டினார்கள். கதவுக்கு வெளியே பச்சை உடுப்பில் ஒரு பணியாளர் அம்மாள், ஐம்பது வயது இருக்கும், நெற்றியில் சந்தனக் கீற்று. நான் வாயைத் திறப்பதற்கு முன்பே அவருக்குப் புரிந்துவிட்டது. என்னைப்போல் தினம் எத்தனை பேர் வருவார்களோ.

"அகத்து ஒராளுண்டு. ஆரெந்நு அறியில்லா" என்றார். உள்ளே ஒருவர் இருக்கிறார், யாரென்று தெரியாது. வண்டி இடித்து ரோட்டில் கிடந்தவரை ஆம்புலன்ஸில் கொண்டுவந்திருக்கிறார்கள், இன்னும் நினைவு திரும்பவில்லை. ஆள் எப்படி, என்ன வயது என்று அவர் கேட்கத் தொடங்கினார். நான் எதுவும் சொல்லவில்லை. படம் இருக்கும்போது வாய் எதற்கு? போனை நீட்டினேன்.

அவர் அதை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். நான் கதவுக்கு வெளியே நின்றேன். இரண்டு நிமிடம் இருக்கலாம்.

திரும்பி வந்தவர் முகத்தில் நிம்மதி இருந்தது. "அல்ல, கேட்டோ. இது நல்ல வெளுத்த ஆளல்லே? அகத்துள்ளது இதல்ல."

உள்ளே இருப்பவர் இவர் இல்லை, இவர் நல்ல வெள்ளையாக இருக்கிறாரே என்கிறார். எனக்கு உயிர் திரும்பி வந்தது. மறைக்காமல் எழுதுகிறேன்: படம் நன்றாக விழுந்திருப்பதில் ஒரு சின்னப் பெருமையும் வந்தது. நான்கு மணிக்கு வந்தால் கண்ணாடி வழியாக ஒரு பார்வை பார்த்துக்கொள்ளலாம் என்றும் அவர் சொன்னார். எதற்கு வேலை மெனக்கெட்டு என்று நினைத்தேன். படத்தை வைத்துப் பார்த்தே இல்லை என்று சொன்ன பிறகு, நான் பார்த்து என்ன ஆகப்போகிறது?

வராந்தாவிலிருந்தே செல்விக்குப் போன் போட்டேன். "ஆஸ்பத்திரில இல்ல தாயி." அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் அழுகைச் சத்தம். பிறகு என் வீட்டுக்காரி போனை வாங்கி, இரண்டு நாளைக்குப் பிறகு செல்வி இப்போதுதான் சோறு போட்டு உட்கார்ந்திருக்கிறாள் என்றாள்.

மத்தியானம் சாலை பஜாருக்குப் பின்னால், மாப்பிள்ளை முன்பு தங்கியிருந்த அறையைத் தேடிப் போனேன். ஓட்டு வீட்டின் மாடியில் ஏழு பேருக்கு ஒரு அறை. எல்லாரும் சங்கரன்கோவில், கடையநல்லூர் பக்கம். வேலைக்குப் போகாமல் காய்ச்சலில் படுத்திருந்தவர் பேச்சிமுத்து. பன்னிரண்டு வருடம் இங்கே இருந்து பாதி மலையாளியாகிவிட்டார்.

"முருகேசண்ணனா? புள்ளி இவிடம் விட்டுப் போயாச்சு அண்ணாச்சி. ஒரு பத்து திவசம் ஆவும். விழிஞ்ஞத்துல போர்ட்டு பக்கம் பெயின்டிங் வேலைன்னு யாரோ கூப்பிட்டாங்க. போன் விளிச்சா எடுக்கல. நாங்க என்ன நெனச்சோம்னா, புதுப் பார்ட்டி கிடைச்சுருக்கு, நம்மள மறந்தாச்சுன்னு."

படத்தைக் காட்டினேன். உடம்பு அனலாய்க் கொதிக்கும்போதும் சிரித்தார். "இதாரு, நம்ம அண்ணனா? கல்யாணப் பொண்ணு மாதிரில்லா இருக்காரு."

ஆள் இருந்த இடத்தை விட்டு அதிகத் தூரம் போகவில்லை, விழிஞ்ஞம்தானே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அன்றைக்கு மனசு லேசாகத் தூங்கினேன்.

இரண்டாம் நாள் காலையில் பஸ்ஸைத் தவறவிட்டேன் என்று சொல்ல முடியாது. தவறான பஸ்ஸைச் சரியாகப் பிடித்தேன். கேரள பஸ்ஸில் போர்டு முழுக்க மலையாளம். கிழக்கேகோட்டையில் ஒருவரிடம் கேட்டேன், அவர் கை காட்டிய திசையில் இரண்டு பஸ் நின்றது, நான் பின்னால் நின்றதில் ஏறினேன். அது வடக்கே ஓடியது. கழக்கூட்டம் தாண்டின பிறகுதான் கடல் வாசனை வரவில்லையே என்று எனக்கு உறைத்தது. கண்டக்டர் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. பக்கத்தில் இருந்த பெரியவர் ஒருவர் மட்டும், "அவசரமாக ஏறுகிறவன்தான் தெற்கே போக வேண்டியவன் வடக்கே போவான்" என்கிற மாதிரி மலையாளத்தில் ஏதோ சொல்ல, முன் சீட்டுக்காரர்கள் சிரித்தார்கள். திரும்பி வந்து விழிஞ்ஞம் சேர மத்தியானம் ஆகிவிட்டது.

சாப்பாட்டுக்கடையில் உருண்டை உருண்டையாகச் சிவப்பரிசிச் சோறு. எங்கள் ஊர்ச் சோறு வாய்க்குள் போனதும் கரையும். இது ஒவ்வொரு பருக்கையும் தனித்தனியாக நின்று பேசும். மீன் குழம்பு மட்டும் அமிர்தம். சாப்பிட்டுக்கொண்டே பரிமாறியவரிடம் படத்தைக் காட்டினேன். இல்லை. கல்லாவில் இல்லை. வெளியே பெட்டிக்கடையில் இல்லை. துறைமுகத்துக்குப் போகிற சாலையில் புதிதாக எழும்பிய கட்டடங்கள் ஒவ்வொன்றாக ஏறி இறங்கினேன். வங்காளத்துப் பிள்ளைகள் படத்தைக் கையில் வாங்கிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்கள்.

ஒரு கட்டடத்துக்கு எதிரே டீக்கடை. கடைக்காரர் பெரிய டம்ளரில் டீயை ஆற்றிக்கொண்டே படத்தைப் பார்த்தார். பிறகு பெஞ்சில் இருந்தவர்களிடம் காட்டினார். "இது ஏதெங்கிலும் சினிமாக்காரனா?" பெஞ்சு முழுக்கச் சிரிப்பு. எனக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. எங்கள் வீட்டு மாப்பிள்ளையைக் காணவில்லை, நீங்கள் கேலி பேசுகிறீர்களா என்று தமிழில் சத்தம் போட்டேன். கடைக்காரர் பதறிப்போய் மன்னிப்புக் கேட்டார், டீக்குக் காசு வாங்க மாட்டேன் என்றார். இவர்கள் மேல் பழி போட்டு எழுத எனக்குக் கை கூசுகிறது. மாப்பிள்ளை அந்தக் கட்டடத்தில்தான் வேலை பார்த்திருக்கிறார். அதே பெஞ்சில் இரண்டு நாள் டீ குடித்திருக்கிறார். அதெல்லாம் பிறகுதான் தெரிந்தது.

சாயங்காலம் கால் ஓய்ந்துபோய் மீன்பிடித் துறையில் உட்கார்ந்தேன். மழை விட்டு வானம் கழுவிவிட்டது போல இருந்தது. ஒரு பக்கம் பள்ளிவாசல், மறு பக்கம் தேவாலயம், நடுவில் வரிசையாக வண்ணப் படகுகள், தூரத்தில் துறைமுகத்தின் கிரேன்கள் வானத்தைத் தொட்டுக்கொண்டு. சாய்ந்த வெயில். கை சும்மா இருக்குமா? எழுந்து நின்று ஏழெட்டுப் படம் எடுத்தேன். குனிந்தும் எடுத்தேன், ஒரு படகின் மூக்கு சட்டத்துக்குள் வரும்படி. நன்றாக விழுந்த ஒன்றை எங்கள் ஆசிரியர் குழுவுக்கு அனுப்பினேன். சூப்பர் சார் என்று வரிசையாக வந்தது. தேடி வந்த வேலையை மறந்து பத்து நிமிடம் நான் சந்தோஷமாக இருந்தேன்.

மூன்றாம் நாள் செல்வியின் பேச்சை மீறிப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். வேறு வழியில்லை. எங்கள் ஊர் ஸ்டேஷன் வாசலில் நுழையும்போதே நாம்தான் ஏதோ செய்துவிட்ட மாதிரி இருக்கும். இங்கே நாற்காலி போட்டார்கள். எழுத உட்கார்ந்த போலீஸ்காரருக்குப் பாறசாலை, எல்லைக்குப் பக்கம். தமிழ் நன்றாகவே பேசினார். பெயர், வயது, உயரம், என்ன உடுப்பு, எல்லாம் வரிசையாகக் கேட்டு எழுதிக்கொண்டே வந்தார்.

"ஐடென்டிஃபிகேஷன் மார்க் வல்லதும்? மச்சம், தழும்பு?"

நான் கொஞ்சம் தயங்கினேன். "இடது கன்னத்துல ஒரு தழும்பு சார். காதுக்குக் கீழேருந்து உதட்டோரம் வரைக்கும்."

இந்தக் கட்டுரையைப் படிக்கிற உங்களிடமும் அதை நான் இதுவரை சொல்லவில்லை, பாருங்கள். அத்தனை பழக்கம். சின்ன வயதில் முள்கம்பி வேலியில் விழுந்து கிழித்த தழும்பு அது. பெண் பார்க்க வந்த அன்றைக்கே எங்கள் அம்மா எங்களையெல்லாம் அடுப்படிக்குக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டாள்: மாப்பிள்ளை முகத்தைப் பற்றி இந்த வீட்டில் யாரும் ஒரு வார்த்தை பேசக் கூடாது. வீட்டுக்கு வருகிற மாப்பிள்ளையின் குறையை வாயால் சொல்வது எங்கள் பக்கத்தில் பெரிய மரியாதைக் கேடு. ஒன்பது வருடம் யாரும் பேசவில்லை. பேசாமல் பேசாமல் அது எங்கள் கண்ணுக்கே தெரியாமல் போய்விட்டது.

அவருக்கு மட்டும் அது மறக்கவில்லை. எங்கே படம் எடுத்தாலும் வலது கன்னம் மட்டும் தெரிகிற மாதிரி திரும்பிக்கொள்வார். கல்யாண ஆல்பம் முழுக்க ஒரு பக்கத்து முகம்தான். என் போன் வந்த பிறகு ஒரு நாள், நான் சும்மா எடுத்த படத்தை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். அதன் பிறகு எனக்கு மட்டும் நேராக நிற்க ஆரம்பித்தார். காதுகுத்து ஃபிளெக்ஸுக்காக முகத்துக்குக் கிட்டப் போய்ப் பெரிதாக எடுத்தபோது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "மச்சான், பிள்ளையோட விசேசம். அந்தக் கோடு லேசாத் தெரியுது. அத மட்டும் எடுத்து விட்ருங்களேன்" என்றார். அவர் வாயால் என்னிடம் அதைச் சொன்னது அந்த ஒரு முறைதான். விரலால் தேய்த்துத் தேய்த்து, ஒரு மணி நேரம், கடைசி இழை வரைக்கும் எடுத்துவிட்டேன்.

போலீஸ்காரர் என் போனை வாங்கி, படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கினார். "எவிடெ?" என்றார். பிறகு தமிழில், "எங்க சார் தழும்பு?"

நான் எட்டிப் பார்த்தேன். நான் செய்த வேலை சுத்தமாக இருந்தது.

என் முகத்தைப் பார்த்து அவர் ஏதோ புரிந்துகொண்டார். உட்காருங்கள் என்று சொல்லிவிட்டு உள்ளே போய் எங்கெங்கோ போன் பேசினார். கதவுக்கு அந்தப் பக்கம் மலையாளத்தில் "இடத்தே கவிளில்" என்று கேட்டது. இடது கன்னத்தில். எனக்குத் தெரிந்துவிட்டது. மாடி, அந்தக் கதவு, பச்சை உடுப்பு, இரண்டு நிமிடம், எல்லாம் ஒன்றாக வந்து நின்றது. வெளியே வந்தவர் என் தோளில் கை வைத்து, ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றார். ஜீப்பில் போகிற வழியில்தான் மெதுவாகச் சொன்னார். நேற்று வரைக்கும் உயிர் இருந்தது.

பதிவேட்டில் நேரம் எழுதியிருந்தது. நேற்று மாலை ஐந்து நாற்பது. நான் ஏன் அதைச் செய்தேன் என்று தெரியவில்லை, போனைத் திறந்து படங்களைப் பார்த்தேன். படகின் மூக்கு சட்டத்துக்குள் வரும்படி நான் குனிந்து எடுத்த படத்தின் கீழே மணி இருந்தது. ஐந்து நாற்பத்து மூன்று. அந்த இடத்திலேயே எல்லாப் படங்களையும் அழித்தேன். அழித்து என்ன பயன்? குழுவில் போட்டது போட்டதுதான்.

மாடியிலிருந்து அந்த அம்மாள் இறங்கி வந்தார். யாரோ சொல்லியிருக்க வேண்டும். என்னைப் பார்த்ததும் முந்தானை இல்லாத அந்தப் பச்சை உடுப்பின் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். "ஞான் அடுத்து வச்சு நோக்கியதா சாரே. ரெண்டு வட்டம் நோக்கி" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். முகத்துக்குப் பக்கத்தில் வைத்து இரண்டு தடவை பார்த்தாராம். பார்த்திருப்பார். கறுத்து, வீங்கி, தலையில் கட்டோடு, கன்னத்தில் காது முதல் உதடு வரை கோடு போட்ட ஒரு முகம். பக்கத்தில் நான் செய்து வைத்த முகம். யார் பார்த்தாலும் இல்லை என்றுதான் சொல்வார்கள். "உங்க மேல தப்பு இல்லம்மா" என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். எட்டு நாள் அவருக்குத் துடைத்துவிட்டு, புரட்டிப் படுக்கவைத்தது இந்தக் கைதான் என்று நினைத்துக்கொண்டேன்.

சவக்கிடங்கில் துணியை விலக்கினார்கள். வீக்கத்தில் மூக்கு அவருடையதாக இல்லை, கண் அவருடையதாக இல்லை. தழும்பு மட்டும் அவருடையதாக இருந்தது. ஒன்பது வருடத்தில் நான் அதை நேராக, கூச்சமில்லாமல் பார்த்தது அப்போதுதான். "இவர்தானா?" என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். தழும்பைக் காட்டித்தான் சொன்னேன்.

செல்விக்கு நேராகச் சொல்லத் தைரியம் வரவில்லை. என் வீட்டுக்காரியைக் கூப்பிட்டு, முதலில் செல்வி பக்கத்தில் போய் உட்கார், பக்கத்து வீட்டு டீச்சரையும் கூட்டிக்கொள், பிறகு எனக்குக் கூப்பிடு என்றேன். பத்து நிமிடம் கழித்துப் போன் வந்தது. செல்வியின் மூச்சு மட்டும் கேட்டது. "ஆஸ்பத்திரில இல்லன்னு சொன்னியேண்ணே" என்றாள்.

நான்காம் நாள் ஆம்புலன்ஸில் வந்தேன். ஓட்டியவர் நெய்யாற்றின்கரைக்காரர். எல்லை தாண்டியதும் ஒரு கடையில் நிறுத்தி இரண்டு டீ வாங்கி, ஒன்றை என்னிடம் நீட்டினார். "குடிக்கணும் சார். வீட்டில சென்னா பின்னே சமயம் கிட்டில்ல." வீட்டுக்குப் போய்விட்டால் பிறகு நேரம் கிடைக்காதாம். எத்தனை பேரை இப்படி வீட்டுக்குக் கொண்டுபோயிருப்பாரோ. குடித்தேன். எங்கள் ஊர் டீ.

தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ் ஏற்கெனவே கட்டியிருந்தது. சொந்தக்காரப் பையன்கள் கைவசம் இருந்த படத்தைக் கொடுத்திருக்கிறார்கள். நீலச் சட்டை, நேரான பார்வை, சின்னச் சிரிப்பு. ஆம்புலன்ஸ் அதைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

வீட்டில் செல்வி கதறுவாள் என்று எல்லாரும் பிடித்துக்கொள்ளத் தயாராக இருந்தார்கள். அவள் குனிந்து, ஆள்காட்டி விரலால் அந்தத் தழும்பைக் காதிலிருந்து உதடு வரைக்கும் ஒரு முறை தடவினாள். அத்தனை பேர் முன்னால். அவளுக்கு அது தினமும் பழகின இடம்போல. பிறகுதான் அழுதாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, வந்தவர்கள் போன பிறகு, ஒரு முற்பகலில் நான் எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். முதல் நாளே அந்தக் கதவுக்கு வெளியே நின்றதை, போனை நீட்டியதை, நான்கு மணிக்கு வரச் சொன்னதை, நான் போகாததை. விழிஞ்ஞத்தில் படம் எடுத்ததையும் சொன்னேன். அவள் தரையைப் பார்த்தபடி கேட்டாள். என்னை அடித்திருக்கலாம், வெளியே போ என்றிருக்கலாம். அதற்காகத்தான் போயிருந்தேன் என்று நினைக்கிறேன்.

"அவுக கேட்டாக, நீ செஞ்சே" என்றாள் கடைசியில். "எங்கிட்டயும் சொன்னாகளே, மச்சான் கோட்ட எடுத்து விட்டாருன்னு. அன்னைக்கு எம்புட்டு சந்தோசம் அவுகளுக்கு. நீ என்னண்ணே பண்ணுவ?"

நான் பேசாமல் இருந்தால் அப்படியே முடிந்திருக்கும்.

"சட்டம் போட்டு மாட்டணும்" என்றாள் பிறகு. "அந்த நீலச் சட்டப் படம் வேண்டாம். அது யாரோ மாதிரி இருக்கு. ஒம் போன்ல நெறையா இருக்கும்லா? தழும்போட இருக்க ஒண்ண எடுத்துக் குடு. பிள்ளைக்கும் அப்பா மூஞ்சி அதுதான் தெரியும்."

ஆதார் நகல் மையாகக் கிடந்தது. அசல் அவர் பையோடு போனது, அந்தப் பை கடைசிவரை கிடைக்கவில்லை. கல்யாண ஆல்பத்தில் அந்தக் கன்னம் இல்லை. பேச்சிமுத்துவிடம் கேட்டிருந்தேன், அவரு எங்க அண்ணாச்சி போட்டோவுக்கு நின்னாரு, கைய வச்சு மறச்சுருவாருல்லா என்றார். கேமராவைப் பார்த்து அவர் முகத்தை முழுசாகக் காட்டியது உலகத்தில் என் ஒருவனுக்குத்தான்.

போனை அவள் கையில் கொடுத்தேன். பொங்கல், பிள்ளையின் பிறந்தநாள், குற்றாலம், எங்கள் வீட்டு மாடி. அவள் ஒவ்வொன்றாகத் தள்ளினாள். எல்லாவற்றிலும் அவர் நேராக நின்று சிரித்துக்கொண்டிருந்தார்.

"இதுல?" என்றாள்.

"இதுலயும் இல்ல தாயி."

"இது நீ திருத்துனதா?"

"திருத்தல. போனே அப்படித்தான் எடுக்கும். வாங்குன அன்னைக்கே நான் அப்படி வச்சுட்டேன்." அவள் கையில் இருந்த திரையைப் பார்த்தபடியே சொன்னேன். "அவரு கேட்டது அந்த ஒரு படத்துக்குத்தான் செல்வி. மத்த எல்லாத்துலயும் நானாத்தான் எடுத்துட்டேன். அவரு கேக்கல."

அவள் நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை. குற்றாலத்துப் படத்தில் அவருடைய இடது கன்னத்தின் மேல் இரண்டு விரலை வைத்துப் பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள். திரை முழுக்க ஒரே நிறமாக ஆனது. விரலை எடுத்துவிட்டு அடுத்த படத்துக்குப் போனாள்.